மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் 1006.20-இல் வருமா, 1006.30-இல் வருமா? ஏஜென்ட் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் இழுக்கிறார்கள்

கலவை நெல்மணி:

அனைவருக்கும் வணக்கம். கலவைப் பக்கம் பதினேழு குடும்பங்கள் சேர்ந்து பாரம்பரிய நெல் பயிரிடுகிறோம். இதுவரை வேலூர், ஆற்காடு, வாலாஜா கடைகளுக்குத்தான் அரிசி கொடுத்து வந்தோம். இப்போது ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் முதல் முறையாக ஒரு கன்டெய்னர் கேட்டிருக்கிறார். கருப்புக் கவுனி 6 டன், மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் 12 டன்.

இரண்டையும் 'கைக்குத்தல் அரிசி' என்று இன்வாய்ஸில் எழுதி, சுங்கப் பட்டியலில் பழுப்பு அரிசிக்குரிய 1006.20 என்ற எண்ணைப் போட்டேன். சென்னையில் உள்ள கஸ்டம்ஸ் ஏஜென்ட், "புழுங்கல் என்றாலே 1006.30தான், பட்டியலில் புழுங்கலுக்குத் தனி எண்ணே இருக்கிறது" என்கிறார். வாங்குபவரோ, 1006.20 இல்லாவிட்டால் சரக்கே வேண்டாம் என்கிறார். தெரிந்த வியாபாரி ஒருவர், சிவப்பு, கருப்பு எல்லாமே பழுப்பு அரிசிதான், தைரியமாகப் போடு என்கிறார். ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில் இன்னும் தாக்கல் ஆகவில்லை. அடுத்த வாரம் கப்பல். தவறு நேர்ந்தால் பதினேழு வீட்டுப் பணம் துறைமுகத்தில் முடங்கும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் மளிகை:

புழுங்கல் என்றால் வேகவைத்ததுதானே? அப்படியானால் சமைத்த உணவு வகைகளுக்கான 1904-இல் அல்லவா போக வேண்டும்?

காட்பாடி ஷிப்பிங்:

இல்லை ஐயா. நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, ஆவி காட்டி, உலர்த்துவதுதான் புழுக்குதல். அதனால் மணியின் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. அது 1006-ஐ விட்டு வெளியே போகாது. அரிசியையே முழுதாகவோ பாதியாகவோ வேகவைத்து, நீரை வற்றவைத்து, ஐந்து முதல் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பிடத் தயாராகும்படி செய்வார்களே, அதுதான் 1904.

நெல்மணி, நல்ல வேளையாகத் தாக்கல் செய்வதற்கு முன்பே கேட்டீர்கள். 1006.10 நெல். 1006.20 உமி மட்டும் நீக்கிய அரிசி. 1006.30 பாதியாகவோ முழுதாகவோ தீட்டிய அரிசி. 1006.40 நொய். இந்த ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதற்கும் பொது. இவற்றில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு கேட்பது ஒன்றைத்தான்: உமி போன பிறகும் மணியைச் சுற்றித் தவிட்டுத் தோல் மூடியிருக்கிறதா? மூடியிருந்தால் 1006.20. அதில் கொஞ்சம் நெல் கலந்திருப்பது இயல்பு என்றும் அந்தக் குறிப்பே சொல்கிறது.

உங்கள் ஏஜென்ட் சொன்ன காரணம் தவறு. நம் நாட்டுப் பட்டியலில் புழுங்கலுக்கான எண் 1006.30-க்கு உள்ளே இருப்பதால், அந்தச் சொல்லைப் பார்த்ததும் பலர் நேராக அங்கே போய்விடுகிறார்கள். சரக்கு முதலில் 1006.30-க்குள் வந்தால்தான் அந்த எண்ணுக்கே போக முடியும். ஐரோப்பியப் பட்டியலைப் பாருங்கள்: 1006.20-க்கு உள்ளேயே புழுங்கலுக்குத் தனி எண்கள் இருக்கின்றன.

ஆனால் அவர் போடச் சொன்ன எண் சரியாகவே இருக்கலாம். ஆலையில் அரிசியை எப்படி ஓட்டினார்கள் என்று சொல்லுங்கள்.

கலவை நெல்மணி:

கவுனி, ரப்பர் ரோலரில் உமி நீக்கியதோடு சரி. மாப்பிள்ளைச் சம்பாவைப் பற்றி ஆலைக்காரரிடம் இப்போதுதான் கேட்டேன். "அப்படியே கொடுத்தால் வேகவே வேகாது, அதனால் லேசாக ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தேன்" என்றார். ஆனால் அரிசி நல்ல சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஆரணி பழைய ஆலைக்காரர்:

தம்பி, விவகாரமே அந்த ஒரு ஓட்டில்தான் இருக்கிறது.

நாளைக் காலை வெயிலில் ஒரு கைப்பிடி அரிசியைக் கருப்புத் துணியில் பரப்புங்கள். நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு மணியாகப் பாருங்கள். உமி மட்டும் போன மணியில் தோல் ஒரே சீராக மூடியிருக்கும், முனையில் முளைக்கரு உட்கார்ந்திருக்கும். தீட்டிய மணியில் முதுகு மேடுகள் வெளுத்துக் கோடு கோடாகத் தெரியும். சிவப்பு பள்ளங்களில் மட்டும் தங்கியிருக்கும். முனை மூளியாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புதான்.

ஆலைக் கணக்கையும் கேளுங்கள். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி. மீதி எண்பதும் அரிசியாகவே வந்தால் அது உமி நீக்கிய அரிசி. முழுதாகத் தீட்டினால் எட்டு, பத்து கிலோ தவிடு போய், எழுபதை ஒட்டி நிற்கும். தவிடு என்று தனியாக ஒரு மூட்டை பிடித்திருந்தாலே தீட்டியாகிவிட்டது என்று பொருள்.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன். 'கைக்குத்தல்' என்ற சொல்லை இன்வாய்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள். என் அம்மா உரலில் குத்திப் புடைத்தபோது முறத்திலிருந்து உமி மட்டுமா விழுந்தது? தவிடும் விழுந்தது, மாடு அதைத் தின்றது. உண்மையான கைக்குத்தல் அரிசி பாதி தீட்டிய அரிசிதான். உலக்கையைக் கண்ணால் காணாத அரிசிக்கு அந்தப் பெயரைப் போடுவதும் நியாயமில்லை, அதை நம்பி 1006.20 போடுவதும் ஆபத்து.

காட்பாடி ஷிப்பிங்:

பெரியவர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். வாங்குபவர் ஏன் பிடிவாதமாக இருக்கிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உமி நீக்கிய அரிசிக்குச் சுங்கவரி டன்னுக்கு 30 முதல் 65 யூரோ வரை. தீட்டியதற்கு, பாதி தீட்டியது உட்பட, 145 அல்லது 175 யூரோ. பன்னிரண்டு டன்னுக்கு அதிகபட்சம் கணக்கிட்டால் 780 யூரோ எங்கே, 2,100 யூரோ எங்கே? தோலின் வெளி அடுக்குகளில் ஒரு பகுதி போயிருந்தாலும் பாதி தீட்டியது என்றே அங்கே விதி. அவர்கள் மாதிரி எடுத்துச் சோதித்தால் சிக்கிக்கொள்வது அவர்தான்; பிறகு பழி உங்கள் மேல் வரும்.

நம் பக்கம் இன்று இரண்டுக்கும் ஏற்றுமதி வரி இல்லை; 2024 அக்டோபர் 22-இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் 2022 செப்டம்பரில் பழுப்பு அரிசிக்கு 20 சதவீதம், 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை, அதே ஆண்டு ஆகஸ்டில் புழுங்கலுக்கும் 20 சதவீதம் என்று மாறி மாறி வந்தன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு வகையை இன்னொரு வகையின் பெயரில் அனுப்ப ஆசை வரும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். வரி இல்லாத காலத்திலும் தவறான விவரம் தவறுதான். சுங்கச் சட்டத்தின் 113-ஆம் பிரிவின் கீழ் சரக்கைப் பறிமுதல் செய்ய இடமுண்டு.

எட்டு இலக்க எண்ணைப் பழைய இன்வாய்ஸைப் பார்த்து எழுதாதீர்கள். 2025 மே 1 முதல் அரிசிக்கான எண்களைப் பிரித்து மாற்றியிருக்கிறார்கள். பாசுமதி அல்லாத அரிசிக்கு, வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபேடாவில் ஒப்பந்தப் பதிவு வேண்டும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி ஆய்வு முகமையின் சான்றிதழும் வேண்டும். எல்லாத் தாளிலும் சரக்கின் விவரம் ஒரே மாதிரி இருக்கட்டும். எந்த எண் பொருந்தும் என்று முன்கூட்டியே சுங்கத் தீர்ப்புக் கேட்க வழி இருக்கிறது, கட்டணம் 10,000 ரூபாய். ஆனால் அதற்கு மூன்று மாதம் வரை ஆகலாம். இந்தக் கப்பலுக்கு உதவாது.

கலவை நெல்மணி:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கண்ணாடியில் பார்த்தோம். கவுனி மணிகள் முழுத் தோலோடு இருக்கின்றன. மாப்பிள்ளைச் சம்பாவில் பத்து மணி எடுத்தால் ஏழில் முதுகு வெளுத்திருக்கிறது. ஆலை நோட்டில் 'தவிடு 470 கிலோ' என்று பேனாவால் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு பேச எதுவும் இல்லை.

கவுனி 1006.20, மாப்பிள்ளைச் சம்பா பாதி தீட்டிய புழுங்கல் 1006.30 என்று இன்வாய்ஸில் இரண்டு தனிப் பதிவுகளாகப் பிரித்துவிட்டோம். மணிகளைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்பினேன். முதலில் கோபப்பட்டார், பிறகு வரி வித்தியாசத்தை ஆளுக்குப் பாதி ஏற்பதாக முடிந்தது. எங்களிடம் இன்னும் 4 டன் நெல் இருக்கிறது. அதைத் தீட்டாமல் உமி மட்டும் நீக்கி அடுத்த முறை அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. 'கைக்குத்தல்' என்று அச்சடித்த 25 கிலோ பைகள் 480 நிரம்பி நிற்கின்றன. மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா?

காட்பாடி ஷிப்பிங்:

ஒட்டாதீர்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் உரித்துப் பார்ப்பது ஸ்டிக்கரைத்தான். பையை மாற்றிவிடுங்கள்.

ஆரணி பழைய ஆலைக்காரர்:

ஆரணியில் அச்சில்லாத வெள்ளைப் பை கிடைக்கும். நாளை மதியத்திற்குள் வண்டி அனுப்புங்கள் தம்பி, எடுத்து வைக்கிறேன். பழைய பைகளை வீணாக்க வேண்டாம், நெல் கட்ட ஆகும்.