மறு: பூனைக்கூண்டு வேண்டாம், பூனைமுற்றம்

வணக்கம்.

பூனை வெளியே ஓடிவிடாமல் வெயில் காய, வீட்டை ஒட்டிக் கம்பிவலையால் கட்டும் அடைப்புதான் கேட்டியோ (catio). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் 'பூனைக்கூண்டு' முன்னால் நிற்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போது கூண்டு என்று வாயெடுத்தாலே, "ஐயோ, வாயில்லா ஜீவனை அடைத்துப் போடுவதா" என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. பெயரே இப்படி விரட்டினால் யாரும் கட்ட மாட்டார்கள்.

ஓர் ஐயா 'கொட்டில்' என்றார். ஆட்டை மேய விடாமல் வளர்ப்பது கொட்டில் முறைதான், பொருள் சரி. ஆனால் கொட்டில் என்றதும் கூரையும் தீவனத் தொட்டியும்தான் நினைவுக்கு வரும். பூனைக்கு வேண்டியது வெயிலும் காற்றும். 'வலைமுற்றம்' அழகான சொல், ஆனால் வலைப்பூ, வலைத்தளம் என்று பழகிய கண்ணுக்கு அது இணையத்தில் அரட்டை அடிக்கிற இடமாகத்தான் தெரியும்.

என் பரிந்துரை பூனைமுற்றம். பழைய தமிழ் வீடுகளில் முற்றம் வீட்டுக்குள்ளேயே இருக்கும், நிமிர்ந்தால் வானம் தெரியும், கள்ளனும் குரங்கும் இறங்காதபடி மேலே கம்பி போட்டிருப்பார்கள். சமையலறை ஜன்னலை ஒட்டி நான் கட்டியதும் ஏறக்குறைய அதுதான்: மரச்சட்டம், சுற்றிலும் கம்பிவலை, பூனை ஏறி உட்கார மூன்று பலகை. இங்கே வெர்வெட் குரங்குத் தொல்லை உண்டு என்பதால் மேலேயும் வலை.

கட்டவைத்தது ஒரு பச்சோந்தி. எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலுக்கே உரிய, விரல் நீளமுள்ள சின்ன இனம். ஒரு காலையில் எங்கள் பூனை அதை மிதியடியில் கொண்டுவந்து போட்டிருந்தது, வயிறு கிழிந்திருந்தது, ஒரு கண் மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. கேப் டவுனில் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்த ஆய்வில், அவை பிடிப்பதில் 100க்கு 18தான் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்தது. அந்த நகரத்துப் பூனைகள் ஆண்டுக்கு 2 கோடியே 75 லட்சம் உயிர்களைக் கொல்வதாக 2020இல் கணக்கிட்டார்கள். அப்படியென்றால் நான் பார்க்காமல் போன பச்சோந்திகள் எத்தனை! பூனைக்கும் இந்த முற்றம்தான் நல்லது, கார் சக்கரமும் தெருநாயும் அதை அண்டாது.

'பூனை முற்றம்' என்று பிரித்து எழுதினால் பூனைகள் வந்துபோகிற ஏதோ ஒரு முற்றம் என்றாகிவிடும், சேர்த்தே எழுதுவோம். அப்புறம், ஜன்னலில் பூனை தலையால் முட்டித் திறக்கும் சிறு கதவை என் மகள் 'முட்டுக்கதவு' என்கிறாள். அதையும் பட்டியலில் சேர்க்கலாமா?