பாயிலருக்கு இந்தப் பக்கம் டிரைவர், அந்தப் பக்கம் ஃபயர்மேன்

நேரோ கேஜ், அதாவது அகலம் கம்மியான தண்டவாளத்துல ஓடற நீராவி எஞ்சின கிட்டக்க நின்னு பாத்தவங்க உங்க கதைய எழுதுங்க, நான் வடக்கு வேல்ஸ்ல ஃபெஸ்டினியாக் ரயில்ல போனத சொல்றேன்.

போர்த்மடாக் ஸ்டேஷன்ல மெர்தின் எம்ரிஸ்ங்கற எஞ்சின் வந்து நின்னப்ப எது முன்னாடி எது பின்னாடின்னே எனக்குப் புரியல. ரெண்டு முனையிலயும் புகைபோக்கி, நடுவுல கேபின். 1879ல அந்த ரயில் கம்பெனியோட சொந்தப் பட்டறை பாஸ்டன் லாட்ஜ்லயே செஞ்ச எஞ்சின். தண்டவாள அகலம் வெறும் 597 மில்லிமீட்டர், ரெண்டு அடி கூட கிடையாது, அதுக்கு மேல இவ்ளோ நீளமா ஒண்ணு எப்படி வளைவுல திரும்பும்னு கீழ குனிஞ்சு பாத்தேன், ரெண்டு பக்கமும் சக்கரமும் சிலிண்டரும் தனித்தனி போகியா, அதாவது தனித்தனி சக்கர வண்டியா இருக்கு, அது ரெண்டும் தனியா திரும்பிக்கும், மேல பாயிலர் பாட்டுக்கு நேரா கிடக்கும்.

இந்த லைன் 1836லயே வந்துருச்சு, மலையில வெட்டுற சிலேட்டுக் கல்ல துறைமுகத்துக்கு இறக்குறதுக்கு. அப்ப எஞ்சினே கிடையாது. கல்லு ஏத்துன வண்டி சரிவுல தானா உருண்டு வந்துரும், காலி வண்டிய குதிர மேல இழுத்துட்டுப் போகும், அந்தக் குதிரைங்க இறங்குறப்ப தனக்குன்னு இருக்கற ஒரு வண்டியில ஏறி நின்னுட்டு வரும். எனக்கு இத கேட்டதுலேந்து அந்தக் குதிரைங்க நினப்புதான். 1863ல சின்ன நீராவி எஞ்சின் வந்துச்சு, லோடு கூடக் கூட அது பத்தல, அதனாலதான் 1869ல இந்த ரெட்ட எஞ்சின் மாடல கொண்டு வந்தாங்க.

மொத பெட்டியில ஜன்னலோரம் உக்காந்தேன். கடலோரக் கரை மேல ஒரு மைல் சமதளமா போகும், அதத் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும்தான் சத்தம் மாறுச்சு. ரெண்டு போகியும் தனித்தனியா ஓடறதால ரெண்டு புகைபோக்கிலயும் வர்ற 'சஃப்' கொஞ்ச நேரம் ஒண்ணா அடிக்கும், அப்புறம் மெல்ல விலகி ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிக்கும், மறுபடி வந்து சேரும். ஒரு மணி நேரத்துக்கு மேல அதையேதான் கேட்டுட்டு வந்தேன், வெளிய மலைய கூட சரியா பாக்கல.

டான்-அ-புல்க்ல தண்ணி பிடிக்க நின்னப்ப இறங்கி ஓடிப் போய் எஞ்சினுக்குக் கரி போடற ஃபயர்மேன்கிட்ட பேச்சு குடுத்தேன். சம்பளம் இல்லாம வர்ற வாலண்டியர்தான் அவரு. கரி எரியற ஃபயர்பாக்ஸ் நடு மத்தியில அடச்சுக்கிட்டு இருக்கறதால டிரைவர் ஒரு பக்கம் இவரு ஒரு பக்கம், கைய நீட்டுனா கூட தொட முடியாது. உள்ள நெருப்பு ரெண்டு, கதவும் ரெண்டு. ஒரு பக்கம் நல்லா எரிஞ்சா இன்னொரு பக்கம் சோம்பிரும், ரெண்டுத்தையும் சமமா வச்சுக்கறதுதான் தன்னோட வேலையேன்னு சொன்னாரு. நான் நின்ன இடத்துலயே மூஞ்சி காந்துச்சு, அவரு அந்த இண்டு இடுக்குக்குள்ள நின்னு கரி அள்ளிப் போடறாரு.

அதுக்கு மேல லைன் ஒரு முழு வட்டம் போட்டு தன்னையே தாண்டி ஏறும். 1946ல ரயில் நின்னு போயி, 1955ல ஆர்வலருங்க கீழ்ப்பகுதிய மட்டும் திரும்ப ஓட்ட ஆரம்பிச்சாங்க, ஆனா மேல பழைய பாத நீர்மின் நிலைய அணைக்குள்ள முங்கிருச்சு. சரி போன்னு விடல, 1965லேந்து மண்வெட்டியும் கையுமா புதுப் பாத வெட்டி 1982ல பிளைனாய் ஃபெஸ்டினியாக் வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. வட்டத்துல ஏறுறப்ப நாம வந்த தண்டவாளம் கீழ தெரியும், அந்த எடத்துல மட்டும் நான் சத்தத்த மறந்துட்டு வெளிய பாத்தேன்.

*

நானும் அதே லைன்ல ஒரு எஞ்சின பாத்திருக்கேன் ஆனா அது அங்க உள்ளதில்ல, டார்ஜிலிங் 19ஆம் நம்பர். 1889ல ஷார்ப் ஸ்டூவர்ட்ங்கற கம்பெனி கட்டுனது, 1960-கள்ல அமெரிக்கா போயி அப்புறம் இங்கிலாந்துல ஒருத்தர் தன் வீட்டு நிலத்துல போட்டிருந்த தனியார் நேரோ கேஜ் லைனுக்கு வந்துச்சு, அங்கேந்து ஃபெஸ்டினியாக்குக்கு விருந்தாளியா வந்தப்ப பாத்தேன். டார்ஜிலிங் எஞ்சின் வெளிநாடு போனது இது ஒண்ணுதான். நம்ம ஊர்ல இதே மாடல் எஞ்சினுக்கு முன்னாடி பம்பர்ல ரெண்டு பேர் உக்காந்து தண்டவாளத்துல மண்ணு தூவுவாங்க, சக்கரம் வழுக்காம இருக்க. அங்க அந்த எடம் காலியா இருந்தத பாக்க என்னமோ மாதிரி இருந்துச்சு.

*

வளைவு பத்தி சொன்னீங்களே, மும்பை பக்கத்துல இருக்கற மாதேரான் மலை லைன் எஞ்சினயும் பாருங்க. பீர்பாய் குடும்பம் சொந்தக் காசு போட்டு 1907ல திறந்த லைன் அது. ஜெர்மனியிலேந்து ஓரன்ஸ்டைன் கோப்பல் கம்பெனி எஞ்சின் வாங்குனாங்க, அதுல போகி கிடையாது, அதுக்கு பதிலா முன்பின் அச்சு ரெண்டும் வளைவுக்குத் தக்கபடி பக்கவாட்டுல நகர்ந்து குடுக்கும். நேரல் ஸ்டேஷன்ல அதுல ஒண்ணு நிக்குது, உயரம் நம்ம தலைய விட கொஞ்சம்தான் மேல. நான் மண்டி போட்டு அச்ச பாத்துட்டு இருந்ததுல ரயில விட்டுட்டேன், வருத்தமே இல்ல.

அந்த ரெண்டு போகி சத்தத்த ரெக்கார்ட் பண்ணியிருந்தா போடுங்க.