கூட்டாளியின் இடைக்கேள்விக்குப் பின் வருவது: 'பதில்' போதாது, 'துணைக்கேள்வி' வேண்டும்

அன்புடையீர்,

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எதிரணி ஏலத்தைத் தொடங்கிவிட்ட பின்னர், நமது கூட்டாளி குறுக்கே புகுந்து ஓர் இனத்தை (ஸ்பேட், ஹார்ட், டயமண்ட், கிளப் ஆகியவற்றில் ஒன்றை) கேட்கிறார். ஏலத்தைத் தொடங்கியவருக்கு அவருடைய கூட்டாளி சொல்வதைப் போலவே, அதைக் கேட்டு நாம் சொல்வதற்கும் தமிழில் 'பதில்' என்றே பெயரிட்டால் போதும் என்று, பிரிட்ஜ் சொற்களைத் தமிழாக்குவது பற்றி இங்கு எழுதப்பட்டுள்ளது. அந்த முடிவுக்கு நான் உடன்படவில்லை.

ஏலத்தில் சொல்வதைக் குறிக்கும் 'கேள்வி' (bid) என்ற அடிச்சொல்லைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 304 என்ற சீட்டாட்டத்தை விளையாடுகிறவர்கள் 'எவ்வளவு கேட்கிறீர்கள்?' என்றுதான் ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். கொழும்பில் வரும் பத்திரிகைகளிலும் 'கேள்விமனு' (டெண்டர்) என்ற சொல் பழகியதுதான். ஆகவே 'கேள்வி' நிற்கட்டும். நான்கு நோ ட்ரம்ப் (துரும்பு இல்லாத ஆட்டம்) என்று கேட்டுக் கூட்டாளியிடம் உள்ள ஏஸ்களின் எண்ணிக்கையை அறியும் பிளாக்வுட் முறை போன்றவற்றுக்கு 'வினா' என்பதை ஒதுக்கிவிட்டால் குழப்பம் வராது.

எதிரணி தொடங்கிய பின் நாம் கேட்பதை (overcall) 'மேற்கேள்வி' என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஏலத்தில் எந்தக் கேள்வியும் முந்தியதற்கு மேலாகவே இருக்க வேண்டும் என்பதால், 'மேல்' என்பது இந்தக் கேள்வியைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. எதிரணியினர் இருவருக்கும் இடையே நடக்கும் பேச்சில் புகுவதுதான் இதன் இயல்பு. எனவே 'இடைக்கேள்வி' என்பதே சரி.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். தொடக்கக் கேள்வி கேட்டவரிடம் ஏறத்தாழ 12 புள்ளிகளாவது (ஏஸ் 4, ராசா 3, ராணி 2, ஜாக் 1 என்ற கணக்கில்) இருக்கும், சில வேளை 20ஐயும் எட்டும். அதனால் அவருடைய கூட்டாளி 6 புள்ளிகளை வைத்துக்கொண்டும் வாய் திறக்கக் கடமைப்பட்டவர். முதல் மட்டத்தில் ('ஒரு ஸ்பேட்' என்பதுபோல) இடைக்கேள்வி கேட்டவரோ நல்ல ஐந்து சீட்டுகளும் 8 புள்ளிகளும் மட்டுமே வைத்திருக்கலாம், பெரும்பாலும் 16ஐத் தாண்டமாட்டார். அவருடைய இனம் நம் கையில் இல்லாதபோது, 8 புள்ளிகள் இருந்தாலும் பாஸ் சொல்வது பிழையல்ல. மறுபுறம், அவர் ஐந்து சீட்டுகளை உறுதிசெய்துவிட்டதால், நம்மிடம் மூன்று இருந்தாலே தயங்காமல் ஆதரிக்கலாம். இருக்கையும் கணக்கை மாற்றுகிறது. தொடங்கியவர் நமக்கு அடுத்து ஆடுகிறவர் என்பதால், அவருடைய இனத்தில் நாம் வைத்திருக்கும் ராசாவுக்குப் பின்னால் அவருடைய ஏஸ் காத்திருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த ராசாவை முழு மூன்று புள்ளிகளாக எண்ணுவது ஏமாற்றத்தில் முடியும். கடமையும் கணக்கும் இவ்வளவு வேறுபடும் இரண்டு நிலைகளை ஒரே 'பதில்' என்ற சொல்லில் அடைத்தால், புதிதாகக் கற்கிறவர் முதலாவதின் விதிகளை இரண்டாவதிலும் அப்படியே கையாளுவார். இப்படி 6 புள்ளிகளோடு கடமைக்காகப் புது இனம் கேட்டு அகப்பட்டுக்கொள்கிறவர்களை மேசையில் அடிக்கடி காண்கிறோம்.

எனவே இதற்கு 'துணைக்கேள்வி' என்றும், கேட்பவருக்குத் 'துணைக்கேள்வியாளர்' என்றும் முன்மொழிகிறேன். அவையில் கேட்கப்படும் துணைக்கேள்வியோடு மயங்கும் என்று ஒருவர் சொல்லலாம். ஏலத்தின் நடுவே அந்த மயக்கத்துக்கு இடமில்லை. கூட்டங்களில் நாம் பழகிய 'வழிமொழிதல்' என்பதை இதற்கு முழுவதும் வைக்கலாம் என்ற யோசனை அழகானதுதான். ஆனால் வழிமொழிதல் என்றால் உடன்படுதல்; புது இனம் கேட்பதையும் நோ ட்ரம்ப் கேட்பதையும் அது தழுவாது. கூட்டாளியின் இனத்தையே உயர்த்துவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம்.

அங்கும் ஒரு பிரிவு தேவைப்படுகிறது. எதிரணி ஒரு டயமண்ட், கூட்டாளி ஒரு ஸ்பேட், அடுத்தவர் பாஸ். நம் கையில் ஸ்பேட் ராசா, 8, 2; ஹார்ட் ஏஸ், 9, 7, 4; டயமண்ட் 6, 3; கிளப் ராணி, ஜாக், 7, 5. பத்துப் புள்ளிகளும் மூன்று ஸ்பேடும் உள்ள இக்கையுடன், பலரும் கைக்கொள்ளும் முறைப்படி, நாம் இரண்டு டயமண்ட் கேட்கிறோம். டயமண்டில் ஆட நமக்கு விருப்பமில்லை. 'உங்கள் ஸ்பேடுக்கு வலுவான ஆதரவு உண்டு' என்பதே செய்தி. கூட்டாளியின் கை மெலிந்ததாயின் அவர் இரண்டு ஸ்பேடுக்குத் திரும்பி நின்றுவிடுவார். இதற்கு மாறாக, ஸ்பேட் ராணி, 9, 8, 5, ஹார்ட் 7, டயமண்ட் 8, 6, 4, 2, கிளப் ராசா, 9, 7, 3 என்ற ஐந்து புள்ளிக் கையுடன் நேரே மூன்று ஸ்பேடுக்குத் தாவுகிறோம். இரு கைகளிலும் சேர்த்து ஒன்பது துரும்பு இருப்பதால் ஒன்பது பிடி வரை, அதாவது மூன்று ஸ்பேடு வரை, ஏறலாம் என்பது ழான் ரெனே வெர்ன் வகுத்த மொத்தப் பிடி விதியின் வழி வந்த துணிவு. எதிரணியின் பேச்சுக்கு இடமில்லாமல் செய்வதே நோக்கம்.

முதலாவதை 'எதிரின வழிமொழிவு' என்றும், இரண்டாவதைத் 'தடுப்பு வழிமொழிவு' என்றும் அழைக்கலாம். கொழும்பில் பல மொழியினரும் ஒரே மேசையில் அமர்வதால் ஆட்டத்தின்போது ஆங்கிலமே வழங்கும். இச்சொற்கள் தமிழில் கற்பிக்கும்போதும், ஆடி முடித்த கையைத் தமிழில் அலசும்போதும் உதவ வேண்டியவை. ஆகவே நீளம் குறைந்த மாற்றுச் சொல் யாரிடமாவது இருந்தால், குறிப்பாக 'எதிரின வழிமொழிவு' என்பதற்கு, அதை அறிய விரும்புகிறேன்.