வீடியோ பார்த்துக் கற்ற வண்டி வேலை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தாம்பரத்திலிருந்து, ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர்:

2020 ஏப்ரல். ஊரடங்கில் எங்கள் தெருமுனைப் பட்டறை பூட்டிக் கிடந்தது. வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அப்பாவின் மருந்துக்கும் காய்கறிக்கும் அந்த ஒரு வண்டிதான். முன்பே வாங்கி வைத்திருந்த ஆயில் டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. நாமே செய்துவிடலாம் என்று உட்கார்ந்து, ஒரே இரவில் எட்டு ஒன்பது வீடியோக்கள் பார்த்தேன்.

மறுநாள் காலையில் முதல் குழப்பம். நான் பார்த்த வீடியோக்களில் பாதிக்கு மேல் வேறு வண்டிகளைப் பற்றியவை. அவற்றில் எல்லாரும் என்ஜினின் பக்கவாட்டில் ஒரு சிறிய மூடியைத் திறந்து காகித ஃபில்டரை எடுத்தார்கள். நான் முக்கால் மணி நேரம் டார்ச் அடித்து அந்த மூடியைத் தேடினேன். ஸ்பிளெண்டரில் அப்படி ஒன்று கிடையாது. அதில் ஒரு கம்பி வலைச் சல்லடை உண்டு. சுழலும் வேகத்தில் அழுக்கை ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்றும் வலப்பக்கப் பெரிய மூடிக்குள் இருக்கிறது. சாதாரண ஆயில் மாற்றத்துக்கு அந்த மூடியைத் திறக்க வேண்டியதில்லை. தன் வண்டியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேட வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டேன். ஆயில் சூடானால்தான் இளகி முழுதாக வடியும். அடியில் பழைய தாம்பாளம் ஒன்றை வைத்து, 17 எம்எம் ஸ்பேனரால் வடிகால் போல்ட்டைக் கழற்றினேன். கறுப்பாக வடிந்தது. துடைத்துவிட்டுப் போல்ட்டைத் திரும்பப் பூட்டிப் புது ஆயிலை ஊற்றினேன். பத்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தால் போல்ட்டின் தலையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இறுக்கம் போதவில்லை என்று நினைத்தேன். ஸ்பேனரின் வாலில் ஒரு ஜிஐ பைப்பைச் செருகி இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இறுகியது. சொட்டு நிற்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். அப்போது கைக்குத் தெரிந்தது: இறுகிக்கொண்டே வந்த போல்ட், வெல்லப்பாகில் கரண்டி சுழல்வதுபோல் இளகிச் சுற்றியது. சத்தம் எதுவும் இல்லை. என்ஜின் அடிப்பாகத்தின் மரை, அதாவது போல்ட்டைப் பிடிக்கும் திருகு வரிகள், உரிந்துவிட்டது. போல்ட் இரும்பு, என்ஜினின் உடல் அலுமினியம். அந்தச் சண்டையில் எப்போதும் தோற்பது அலுமினியம்தான்.

பட்டறைகள் திறந்த பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் லேத்தில் சொல்லி, துளையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகு மரைச் சுருள் வைத்துச் சரிசெய்து கொடுத்தார். பிறகு கேட்டார்: “சார், போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரை மாற்றினீர்களா?”

மாற்றவில்லை. எந்த வீடியோவிலும் யாரும் அதை மாற்றியதைப் பார்த்ததாகவும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து, அதிகம் நம்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். போல்ட்டைக் கழற்றும்போது வாஷர் நசுங்கிக் கறுத்திருக்கிறது. அடுத்த காட்சியில் போல்ட்டைப் பூட்டும்போது பளபளவென்று புதிதாக இருக்கிறது. நடுவில் மாற்றியிருக்கிறார்கள், அந்த இடம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் வாஷர். ஒருமுறை நசுங்கி இடைவெளியை அடைத்தால் அதன் வேலை முடிந்தது. பழையதையே போட்டதால்தான் ஒழுகியது. அதற்கு இறுக்கம் காரணமே இல்லை.

அன்று பட்டறையில் அந்த அண்ணன் செய்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். புது வாஷரைப் போட்டு, ஸ்பேனரை என் கையில் கொடுத்து, என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். முதலில் விரலாலேயே போல்ட்டைத் திருகச் சொன்னார். அது தடையில்லாமல் உள்ளே போனது. பிறகு வாஷரைத் தொட்டு நின்றது. அங்கிருந்து ஸ்பேனர். வாஷர் நசுங்கும்போது ஒரு மெத்தென்ற எதிர்ப்பு, அடுத்துச் சட்டென்று ஒரு கெட்டித்தனம். “போதும், கையை எடுங்கள்” என்றார். பாகுக்குக் கம்பிப் பதம் இருப்பதுபோல் போல்ட்டுக்கும் ஒரு பதம் இருக்கிறது. அதைத் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் கைக்கு வராது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவு வடிகால் போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன முறுக்குவிசையோ, அவ்வளவுதான். நான் செருகிய பைப் அரை மீட்டருக்கு மேல். உடல் எடையில் பாதியையாவது அதில் சாய்த்திருப்பேன்.

இதுபோல் வீடியோவில் விடுபட்ட இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

திண்டுக்கல்லிலிருந்து, பள்ளி ஆசிரியை:

அண்ணா, எனக்கும் ஒரு மரைக் கதை இருக்கிறது. என் கணவரின் பழைய யமஹாவை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வலப்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. இடஞ்சுழியாகத் திருப்பினால் கழன்றுவிடும் என்று வீடியோவில் சொன்னார்கள். திருப்பினேன், அசையவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் முழு பலத்தையும் கொடுத்தேன். கண்ணாடியின் தண்டு முறிந்து, மரைப்பகுதி உள்ளேயே தங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்தவுடனே, “யமஹாவில் வலது கண்ணாடி எதிர் மரை அம்மா, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும்” என்றார். காரணத்தையும் விளக்கினார். எதிரே வரும் எதிலாவது இடித்தால் வலது கண்ணாடி பின்பக்கம் தள்ளப்படும். மேலிருந்து பார்த்தால் அது கடிகாரம் சுற்றும் திசை. சாதாரண மரையாக இருந்தால் அந்த இடி அதை இன்னும் இறுக்கும், கைப்பிடியே சேதமாகும். எதிர் மரையாக இருப்பதால் கழன்று கொடுக்கும். இடது கண்ணாடிக்குச் சாதாரண மரையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அன்றிலிருந்து, ஒன்று அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் நிறுத்திவிட்டு யாரிடமாவது கேட்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உராய்வு பாடம் நடத்தும்போது அந்த முறிந்த தண்டைக் கொண்டுபோய்க் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து:

ஆயிலைப் பற்றி ஒரு சொல். ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் 10டபிள்யூ30 என்ற எண் ஒத்திருந்தால் போதும் என்று ஒரு வீடியோவில் கேட்டு, வீட்டில் மிச்சமிருந்த கார் ஆயிலை பைக்கில் ஊற்றினேன். ஒரு வாரத்தில் மேம்பாலம் ஏறும்போது என்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தட்டுகள் அதே என்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இருக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது கிளட்ச்சையும் வழுக்க வைத்துவிடும். கிளட்ச் வழுக்காத பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் கிளட்ச் தட்டுகளை மாற்ற வேண்டி வந்தது.

ஈரோட்டிலிருந்து, பல்சர் என்எஸ் 200:

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இடது கையால் தட்டச்சு செய்கிறேன்.

செயின் சுத்தம் செய்யும் வீடியோ. பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடித்தார் அந்தப் பையன். சில நொடிகளில் செயின் பளிச்சென்று ஆனது. பார்க்க அவ்வளவு எளிதாக இருந்தது. நானும் செய்தேன். பனியன் துணியின் ஒரு நூல் செயினில் சிக்கியது. துணியை விடுவதற்கு எனக்கு நேரமே கிடைக்கவில்லை. செயின் பல்சக்கரத்தில் ஏறும் இடத்துக்குத் துணியோடு கையும் போய்விட்டது. வலது ஆள்காட்டி விரலில் நுனிக் கணு இப்போது இல்லை.

என்ஜின் அணைந்திருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். சக்கரத்தை ஒரு கையால் மெல்லச் சுற்றி, அது நின்ற பிறகு துடையுங்கள். அடுத்த பகுதிக்கு மறுபடி சுற்றுங்கள். கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். என்ஜின் ஓடும் வீடியோவை யாராவது உங்களுக்கு அனுப்பினால் அனுப்பியவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எனக்கு அனுப்பியது என் தம்பி. அவன் இன்னும் என் கையைப் பார்த்துப் பேசுவதில்லை.

தாம்பரத்திலிருந்து, மீண்டும்:

ஈரோட்டுத் தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. அந்த வகை வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன், ஆபத்து என்று உறைத்ததே இல்லை. உங்கள் தம்பியிடம், இதைப் படித்து இங்கே ஒரு வீட்டில் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். என் மைத்துனர் நேற்றுவரை அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் இப்போதும் வீடியோ பார்த்துத்தான் வேலை செய்கிறேன். ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியோடு வந்த கையேட்டைப் படிக்கிறேன், ஒரே வேலைக்கு மூன்று பேருடைய வீடியோவைப் பார்க்கிறேன். மூவரும் வேறுபடும் இடம் எதுவோ, அதை ஒரு தாளில் எழுதி மெக்கானிக் அண்ணனிடம் கேட்கிறேன். அவர் கோபித்துக்கொள்வதே இல்லை. பிரேக் வேலையை மட்டும் முதல் தடவை அவர் பக்கத்தில் நின்றபடி செய்தேன். அதைத் தனியாகத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கழற்றிய போல்ட்டுகளை ஓர் அட்டையில் வண்டியின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைக்கிறேன். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய டப்பாவில் அடைத்துப் பட்டறையிலேயே கொடுக்கிறேன்.

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போகும்போது வடிகால் வாஷர்களைப் பத்துப் பத்தாக வாங்கி வைத்துக்கொள்கிறேன். அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கினேன். போன ஞாயிறு எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் தன் வண்டிக்கு ஆயில் மாற்ற உதவி கேட்டு வந்தான், கையில் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. புது வாஷரைக் கொடுத்தேன். ரெஞ்சை 25இல் வைத்து அவன் கையில் தந்து, அவன் கைமேல் என் கையை வைத்தேன். மெத்தென்று ஒருமுறை, கெட்டியாக ஒருமுறை, பிறகு டக்கென்று ரெஞ்ச் சொடுக்கியது. “இவ்வளவுதானா அண்ணா?” என்று கேட்டான். துணியால் போல்ட்டைத் துடைத்துவிட்டு, சொட்டுகிறதா என்று இருவரும் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.