அமெரிக்க சொராரிட்டிகளில் (கல்லூரிப் பெண்கள் சங்கங்களில்) இருந்து இத்தனை பெண்கள் அரசுப் பதவிக்கு வந்தது எப்படி?

பொன்னி_கரை:
கமலா ஹாரிஸ் பற்றி எதைப் படித்தாலும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியின் பெயர் வந்துவிடுகிறது. கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986-ல் அதில் சேர்ந்தாராம். சொராரிட்டி என்றால் சினிமாவில் காட்டும் பார்ட்டியும் பங்களாவும்தான் எனக்குத் தெரியும். நிஜமாகவே அங்கே பொதுவேலை நடக்கிறதா, இல்லை வசதியானவர்களின் அறிமுக வட்டம்தானா? அக்கா மகள் அங்கே கல்லூரியில் சேரப் போகிறாள், அவளும் கேட்கிறாள்.

தென்றல்72:
சினிமாவில் வருவது ஒரு வகை. கறுப்பினப் பெண்களின் சொராரிட்டி வேறு கதை. வெள்ளையர் சங்கங்கள் அவர்களைச் சேர்க்காத காலத்தில் ஹோவர்டில் 1908-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் 1913-ல் டெல்டா சிக்மா தீட்டாவும் தொடங்கின. டெல்டாவை ஆரம்பித்த 22 மாணவிகளும் சங்கம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள், அதுவும் கறுப்பினப் பெண்கள் பின்னால் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த ஊர்வலம்.

முக்கியமான விஷயம், பட்டம் வாங்கியதோடு உறுப்பினர் என்பது முடிந்துவிடாது. ஊருக்கு ஊர் பட்டதாரிகள் கிளை உண்டு. வாக்காளர் பதிவு, உதவித்தொகை, வரவு செலவுக் கணக்கு, தேர்தல் என்று வருஷக்கணக்கில் அங்கே வேலை பழகுகிறார்கள். பாட்ரிஷியா ராபர்ட்ஸ் ஹாரிஸ் 1953-ல் டெல்டாவின் முதல் நிர்வாக இயக்குநர். 1977-ல் வீட்டுவசதித் துறை அமைச்சர், அமெரிக்க அமைச்சரவையில் முதல் கறுப்பினப் பெண். 2021-ல் அதே துறைக்கு வந்த மார்சியா ஃபட்ஜ், 1996 முதல் 2000 வரை டெல்டாவின் தேசியத் தலைவர், பிறகு ஓஹையோவில் ஒரு சிறு நகரத்தின் மேயர், அப்புறம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர். சங்கத்தை நடத்திய கைதான் துறையையும் நடத்தியது.

மாடிவீடு:
தென்றல் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். காங்கிரஸின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரான ஷெர்லி சிஷம் டெல்டா சிக்மா தீட்டா உறுப்பினர்தான், ஆனால் 1968-ல் அவர் காங்கிரஸுக்கு ஜெயித்ததற்கு புரூக்ளினில் வீதி வீதியாக உழைத்த அரசியல் கிளப்புகளும் காரணம். எல்லாப் பெருமையையும் சொராரிட்டிக்கே எழுதிவைத்தால் அந்த உழைப்பு காணாமல் போய்விடும். சந்தா கட்ட முடியாதவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும் என்பதும் உண்மை. வெள்ளையர் சங்கங்களையும் ஒதுக்கிவிட முடியாது: வாக்குரிமை இயக்கத்தை 1920-ல் கரைசேர்த்த கேரி சாப்மன் கேட், பை பீட்டா ஃபை உறுப்பினர். எலிசபெத் டோல், டெல்டா டெல்டா டெல்டா என்ற வேறொரு சங்கத்தின் உறுப்பினர். போக்குவரத்து, தொழிலாளர் நலம் என இரண்டு துறைகளுக்கு அமைச்சராக இருந்தவர்.

ஆலமரத்தடி:
சந்தா பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தப் படித்த பெண்கள் எங்கே போனார்கள் என்பதையும் பாருங்கள். 1935-ல் டாக்டர் டொரத்தி ஃபெரிபீ தலைமையில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக்கு மருத்துவ முகாம் நடத்தப் போனார்கள். குத்தகை விவசாயிகளை முகாமுக்கு அனுப்ப நிலச்சொந்தக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். சரி என்று மருந்தைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைகளுக்கே போய், பெரியம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளைப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். கோடைதோறும் சில வாரங்கள், 1942 வரை. கறுப்பினக் குழந்தைகளின் உடம்பை அரசு கவனிக்காத பகுதி அது. இதையெல்லாம் கண்ணால் பார்த்த சங்கம்தான் 1938-ல் காங்கிரஸில் சட்டங்களுக்காக வாதாட நார்மா பாய்டு தலைமையில் தனி அமைப்பே வைத்தது. ஊசி போடுவதோடு நிற்காமல் சட்டம் இயற்றும் இடத்துக்கே போனார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பொன்னி, முதல் வருஷமே சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பட்டம் வாங்கிய பிறகும் சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் உண்டு. அந்த வளாகக் கிளை போன வருஷம் என்ன பொதுவேலை செய்தது, மொத்தச் செலவு எவ்வளவு, புதியவர்களைக் கொடுமைப்படுத்திய புகார் உண்டா, இந்த மூன்றையும் மகளை நேரிலேயே கேட்கச் சொல்லுங்கள்.