கோடை இடைவெளியில் சேணத்தில் தூசி படியாமலிருக்க

நம் நாட்டில் குதிரையேற்றப் போட்டிகள் பெரும்பாலும் குளிர்மாதங்களோடு முடிந்துவிடும். ஏப்ரல் பிறந்ததும் லாயத்துக்குப் போகிற கால் தயங்க ஆரம்பிக்கும். வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முன்னால் ஒரு தேதி இல்லாமல் போவது. போட்டிக்கு ஆறு வாரம் இருந்தால் இன்றைக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றுமே இல்லை என்றால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பத்து நாள் ஓடிவிடும். பதினோராம் நாள் ஏறினால் குதிரை முறுக்கிக்கொண்டு நிற்கும், ஏறியவருக்கும் மனம் விட்டுப்போகும்.

இதற்குக் கைகொடுப்பவை அளந்து பார்க்கக்கூடிய சின்ன வேலைகள். "குதிரையை இன்னும் நன்றாகப் பழக்க வேண்டும்" என்று எழுதி வைத்தால் அது என்றைக்கு முடிந்தது என்றே தெரியாது. ஏறும் மேடை பக்கத்தில் லகானை இழுக்காமல் 10 விநாடி நிற்பது, ஐந்து எட்டுகள் கோணாமல் பின்வாங்குவது, லாடம் அடிப்பவருக்கு ஒவ்வொரு காலையும் 2 நிமிடம் பொறுமையாகக் கொடுப்பது என்று எழுதுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, எத்தனை முறையில் எத்தனை முறை சரியாக வந்தது என்று மட்டும் குறித்தால் போதும். ஒரு நாளுக்கு 20 நிமிடம்.

குதிரையைப் போட்டிக்கு ஏற்றிப்போகும் வண்டியில் ஏறப் பழக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. போட்டிக்கு முதல் நாள் ராத்திரி நாலு பேர் சேர்ந்து தள்ளுவதுதான் குதிரைக்கு வண்டி என்றாலே பயம் வரக் காரணம். சாய்பலகையில் தென்னைநார்ப் பாய் விரித்து, முதலில் முன்னங்கால் இரண்டை மட்டும் வைக்கச் சொல்லி, உடனே பின்னால் வரவிடுங்கள். பின்வாங்கி இறங்கத் தெரிந்த குதிரைதான் தைரியமாக உள்ளே போகும். பலரும் செய்யும் தவறு, முதல்முறை முழுதாக ஏறியதுமே கதவைச் சாத்துவது. பல நாள் கதவு திறந்தே இருக்கட்டும், உள்ளே ஒரு பிடி குதிரைமசால் (லூசர்ன் என்கிற பசுந்தீவனம்) வையுங்கள். பிறகு ஒரு நிமிடம் சாத்துங்கள், பிறகு ஐந்து நிமிடம்.

*

மேலே சொன்ன 20 நிமிடம் கோடைக்குச் சரியான அளவு. அந்த 20 நிமிடத்தை எப்போது வைத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். கடற்கரை ஊர்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறிவிட்டால் கவலையில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தை அதோடு கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 130-க்குக் கீழே இருந்தால் குதிரை தன் உடம்பைத் தானே குளிரவைத்துக்கொள்ளும். 130 முதல் 150 வரை வியர்வையை நம்பியே சமாளிக்கும். 150-ஐத் தாண்டினால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும், வேலையைக் குறைக்க வேண்டும். 180 என்றால் ஏறவே கூடாது.

மே மாதச் சென்னையில் விடியலில் 29 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் 84-உம் 80-உம் சேர்ந்து 164. அதே நேரத்தில் கோவைப் பக்கம் 24 டிகிரி, 70 சதவீதம் என்றால் 75-உம் 70-உம் 145. ஒரே மாநிலம்தான், ஆனால் கோவையில் செய்கிற கேன்டர் (பாய்ச்சலைவிடச் சற்று மெதுவான ஓட்டம்) வேலையைச் சென்னையில் செய்ய முடியாது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மே மாதத்தை நடைக்கும், ஏறாமல் கையில் பிடித்துச் செய்யும் பயிற்சிக்கும் என்று ஒதுக்கிவிட்டால் மனதில் குற்றவுணர்வும் இருக்காது.

வேலை முடிந்ததும் நாடியைக் குறித்துவையுங்கள். குதிரையின் இடது முன்னங்காலின் முழங்கை மூட்டுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். இலேசான வேலைக்குப் பிறகு நிழலில் 10 நிமிடம் நின்றும் 64-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வேலை அதிகம் அல்லது வெப்பம் அதிகம். இந்த எண்தான் கோடையில் ஆர்வத்தைத் தாங்கிப் பிடிக்கும். அதே அளவு வெப்பமுள்ள நாட்களில், அதே வேலைக்கு இந்த எண் வாரத்துக்கு வாரம் குறைந்துவருவதைப் பார்க்கும்போது பதக்கம் இல்லாமலே பலன் தெரிகிறது.

குளிரவைக்கும்போது ஒரு வாளி ஊற்றி நிறுத்தாதீர்கள். குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து உடம்பு முழுக்க ஊற்றுங்கள். சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய பயம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த ஆய்வுகள் அதைத் தீர்த்துவைத்தன.

இன்னொன்றும் கவனியுங்கள். மற்ற குதிரைகள் நனைந்து நிற்கும்போது ஒரு குதிரை மட்டும் உலர்ந்த தோலோடு மூச்சு வாங்கினால், அது சண்டித்தனம் பண்ணவில்லை, வியர்க்கும் திறனை இழந்திருக்கிறது. பிடரிக்கு அடியிலும் சேணத்துக்கு அடியிலும் மட்டும் ஈரம் இருக்கும். வேலையை அன்றே நிறுத்தி, மின்விசிறியும் தண்ணீரும் கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

*

நடையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினால் குதிரைக்கும் அலுக்கும், நமக்கும் அலுக்கும். அதற்குத் தரைக்கழிகள், அதாவது தரையில் கிடத்திக் குதிரையைத் தாண்டவைக்கும் கழிகள். மூன்று மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் பருமன் உள்ள சவுக்கு மரக் கழிகள் போதும். மூங்கில் வேண்டாம். இலேசாக இருப்பதால் கால் பட்டதும் உருளும், உருண்ட கழிமேல் குதிரை மிதித்தால் கால் பிசகும். சவுக்கானாலும் இரண்டு முனையிலும் மணல்மூட்டையை அண்டைகொடுங்கள்.

நடைக்கு 80 சென்டிமீட்டர் இடைவெளியில் தொடங்கலாம். ட்ராட்டுக்கு (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்) பெரிய குதிரைக்கு 1.3 மீட்டர். மார்வாரி, கத்தியவாரி போல உயரம் குறைந்தவற்றுக்கு 1.15 அல்லது 1.2. இவை தொடக்க அளவுகள்தான், சரியான அளவைக் குதிரையின் குளம்படி சொல்லும். மணலைச் சமன்செய்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அடி இரண்டு கழிகளுக்கும் நட்டநடுவில் விழ வேண்டும். கழியை ஒட்டி விழுந்தால் ஐந்து ஐந்து சென்டிமீட்டராக மாற்றிக்கொண்டே வாருங்கள்.

முதலில் ஒரே கழி. பழகியதும் நேராக மூன்றுக்குப் போங்கள். ட்ராட்டில் இரண்டு கழி வைத்தால் பல குதிரைகள் அதைத் தடை என்று நினைத்து ஒரே தாவலில் தாண்டப் பார்க்கும், ஏறியவர் வாயில் இழுப்பார், மறுமுறை கழியைப் பார்த்ததுமே குதிரை தலையைத் தூக்கும். மூன்று சரியாக வந்தால் ஐந்து. அதற்கப்புறம் ஒவ்வொரு கழிக்கும் மாறி மாறி ஒரு முனையை மட்டும் 10 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். முதுகும் அடிவயிறும் வேலை செய்வது சேணத்தில் உட்கார்ந்தாலே தெரியும். இடமாக ஐந்து முறை, வலமாக ஐந்து முறை என்று தொடங்கி, மொத்தம் இருபதைத் தாண்ட வேண்டாம். முதல் சுற்றிலேயே கழியைத் தட்டினால் குதிரை பார்க்கவில்லை என்று பொருள், கடைசிச் சுற்றில் தட்டினால் களைத்துவிட்டது. களைத்துத் தட்டினால் அங்கேயே இறங்கிவிடுங்கள்.

இதே கழிகளைக் கொண்டே 20-க்கு 40 மீட்டர் மைதானத்தின் மூலைகளையும் அடையாளம் வைக்கலாம். ட்ரெஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரை துல்லியமாகச் செய்துகாட்டும் போட்டி) சோதனையைக் குதிரை இல்லாமல் நம் காலால் நடந்து பாருங்கள். மைதானத்தின் எழுத்துக் குறிகளில் ஏ-யில் நுழைந்து, நடுக்கோட்டில் எக்ஸில் நின்று, சி-யில் திரும்பும்வரை எத்தனை இடத்தில் நம் தோளே கோணுகிறது என்பது அப்போதுதான் தெரியும். வெயில் அதிகமான நாட்களுக்கு ஏற்ற வேலை.

*

ஒரு சின்ன சேர்க்கை. ஏப்ரலில் நன்றாக இருந்த குதிரை ஜூனில் காதை மடக்கி, சேணம் போடும்போது கடிக்க வந்தால், அதற்கு வேலையில் வெறுப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வேலை குறைந்தால் முதுகுத் தசை இறங்கும், சேணம் முன்னால் சரிந்து பிடரிமேட்டில் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) உட்காரும். ஏறிய பிறகு சேணத்தின் முன்பக்க வளைவுக்கும் பிடரிமேட்டுக்கும் நடுவே இரண்டு விரலாவது நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அந்தச் சேணத்தோடு ஏறாதீர்கள். கனமான விரிப்பு போட்டு உயர்த்தினால் பக்கவாட்டில் இறுக்கம்தான் கூடும்.

*

தீனியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, கோடையில் அதிகம் தவறுவது அங்கேதான். வேலை பாதியானால் கொள்ளும் ஓட்ஸும் பாதியாக வேண்டும், ஓய்வு தொடங்கும் நாளுக்கு முன்பே. முழுத் தானியம் தின்று நாலு நாள் சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினால் தசை இறுகிப்போகும். பின்தொடை கல் மாதிரி ஆகும், அளவுக்கு மீறி வியர்க்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். அந்த நேரத்தில் "கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்" என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. நின்ற இடத்திலேயே நிறுத்தி, தண்ணீர் காட்டி, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புல்லைக் குறைக்க வேண்டாம். 400 கிலோ குதிரைக்கு உலர்ந்த எடையில் நாளுக்கு 6 முதல் 8 கிலோ வேண்டும். நேப்பியர் வகைப் புல்லையும் தவிட்டையும் மட்டும் நம்புகிறவர்கள் குதிரைமசாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், இரண்டும் சேர்ந்தால் எலும்புதான் தேயும். உப்பு நாளுக்கு 30 முதல் 50 கிராம், பக்கத்திலேயே எப்போதும் தண்ணீர்.

ஒரு மாத ஓய்வில் குதிரையின் மூச்சுத்திறன் பெரிதாகக் குறையாது. அதனால்தான் ஜூலையில் முதல் நாளே குதிரை உற்சாகமாக ஓடும், நாமும் ஏமாந்துவிடுவோம். தசைநாண்களும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழைய வலுவுக்குத் திரும்பாது. இரண்டு மூன்று மாதம் நின்ற குதிரைக்கு முதல் மூன்று வாரம் வெறும் நடை, 20 நிமிடத்தில் தொடங்கி 45 வரை. நாலாவது வாரம் இரண்டு நிமிட ட்ராட், இடையில் மூன்று நிமிட நடை. ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன்பு நாலு காலின் தசைநாண்களையும் வெறுங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால் அன்றைக்குச் சேணம் போட வேண்டாம்.