ராபரிக்கு எந்தச் சொல்: கொள்ளையா, வழிப்பறியா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆளைத் தாக்கியோ மிரட்டியோ பொருளைப் பறிப்பதைச் சட்டம் 'ராபரி' (robbery) என்கிறது. அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'கொள்ளை' இருக்கிறதே, புதுச் சொல் எதற்கு?

அது போதாது. பூட்டிய வீட்டை உடைத்து நகையை அள்ளிப் போனாலும் செய்தித்தாள்கள் 'கொள்ளை' என்றே எழுதுகின்றன. ஆள் இல்லாத வீட்டில் நடந்தால் அது திருட்டு, வீடு உடைத்ததற்குத் தனிப் பிரிவு. ராபரி ஆகாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 309ஆம் பிரிவுக்கு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 390) ஆளுக்கு எதிராக ஏதாவது செய்திருக்க வேண்டும்: காயமோ, கட்டிப்போடுவதோ, அடைத்துவைப்பதோ, இப்போதே அப்படி நடக்கும் என்ற பயமோ. திருடிவிட்டு ஓடுகிறவன், நகையைக் கொண்டுபோவதற்காகத் துரத்தியவரைக் குத்தினாலும் ராபரிதான். நகையை வீசிவிட்டு, தான் தப்பிக்க மட்டும் குத்தினால் ராபரி இல்லை. காயப்படுத்தியது தனிக் குற்றம்.

சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ராபரிக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 7 ஆண்டுக்குக் குறையாது. எஃப்.ஐ.ஆரைத் தமிழில் படிக்கும் ஒரு குடும்பத்துக்கு, தங்கள் பிள்ளைமேல் போட்டிருப்பது எவ்வளவு பெரிய வழக்கு என்று அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டாமா?

> போலீஸ் 'வழிப்பறி' என்கிறதே?

அருமையான சொல். வழிப்போக்கரைத் தாக்கிப் பறித்த, சங்கப் பாடல்களில் வரும் ஆறலை கள்வர் காலத்திலிருந்து நமக்குப் பழகிய குற்றம். ஆனால் வீட்டுக்குள் புகுந்து ஒரு பாட்டியின் கழுத்தில் கத்தியை வைத்து பீரோ சாவியை வாங்கினால் அதில் வழி எங்கே வந்தது? தவிர, நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் நடந்தால் தண்டனை 14 ஆண்டு வரை போகும். வழிப்பறியை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை 'வன்பறிப்பு'. எதிரே நிற்பவனுக்குப் பயந்து நாமே கழற்றிக் கொடுத்தாலும் ராபரிதான். 'பறிப்பு' அதற்கும் பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் செயின் பறிப்பு போன்றவற்றுக்கு 304 என்று புதுப் பிரிவு வந்திருக்கிறது. அதற்கு வெறும் 'பறிப்பு' போதும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்யும் டெக்காய்ட்டிக்குக் 'கூட்டுக்கொள்ளை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது. வாட்ச்மேனைத் தொடாமல், அவர் அறையை வெளியே தாழிட்டுவிட்டுக் குடோனில் திருடினாலும் சட்டப்படி ராபரி. அடி உதை இல்லாத அந்த அடைப்பையும் 'வன்' குறிக்குமா? குழுவில் உள்ள வழக்கறிஞர்கள் இதைச் சொல்லுங்கள்.